பாடம் எங்கள் அலமாரியிலிருந்து தொடங்கட்டும்: நூலகர் பயிற்சிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பொது நூலகர்களுக்குக் கணினி, இணையப் பயிற்சிகளை வகுத்து நடத்தும் அலுவலர்களுக்கும், நூலக அறிவியல் துறைப் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

காவிரிக் கடைமடையில், நூலக அறிவியலின் தந்தை என்று நாம் போற்றும் ரங்கநாதன் பிறந்த சீர்காழிக்குப் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கும் ஒரு கிளை நூலகத்தில் நான் பணியாற்றுகிறேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் நூல்கள், ஒரு கணினி, காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள், பகல் முழுவதும் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நூலகர். கதவைத் திறப்பதும், நாளிதழ்களைப் பதிவேட்டில் ஏற்றுவதும், நூல் வழங்குவதும், திரும்பி வந்ததை அடுக்குவதும், மாதக் கணக்கு எழுதுவதும் ஒரே கை. தமிழ்நாட்டில் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எங்களுடையதைப் போன்ற கிளை நூலகங்களும், ஊர்ப்புற நூலகங்களும், பகுதிநேர நூலகங்களுமே. இந்த மடலை அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் குரலாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

கடந்த சில ஆண்டுகளில் புதிய இணையக் கருவிகளைப் பற்றிய பயிற்சிகள் பலவற்றில் கலந்துகொண்டேன். அவை ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருந்தன. காலை பத்து மணிக்குத் தொடக்க உரை, பிறகு பெரிய திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்து இருபது கருவிகள், உணவு இடைவேளை, மீண்டும் திரை, மாலையில் சான்றிதழ். சொல்லிக்கொடுத்தவர்களின் அறிவையோ அக்கறையையோ நான் குறை சொல்லவில்லை. அவர்கள் காட்டிய ஒவ்வொன்றும் பயனுள்ளதாகவே இருந்தது. ஆனால் குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு ஊர் திரும்பி, மறுநாள் நூலகத்தைத் திறந்தால், எதிரே நிற்கும் வாசகர் முன்னால் அந்தக் குறிப்பேட்டைப் பிரிக்க நேரம் இருப்பதில்லை. ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது, நானே எழுதிய குறிப்பு எதைச் சுட்டுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. என்னுடன் வந்த வேறு நூலகர்களிடம் கேட்டபோது அவர்களும் அதையே சொன்னார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஒரு நாளில் பல கருவிகளைக் காட்டும் முறையை விட்டுவிட்டு, வாரம் ஒரு மணி நேரம் என்று சில மாதங்களுக்கு, நூலகர் தம்முடைய நூலகத்திலேயே, தம்முடைய அலமாரியில் உள்ள நூல்களையும் தம்மிடம் வரும் வாசகர்களின் தேவைகளையும் பாடமாகக் கொண்டு பழகும் முறைக்கு மாறுங்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பணி நேரமாகவே எழுத்துப்பூர்வமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இது புதிய எண்ணமன்று. 2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் தம் நூலக ஊழியர்களுக்காக '23 செயல்கள்' என்றொரு கற்றல் திட்டத்தை வகுத்தார். வகுப்பு இல்லை, திரை இல்லை. ஒன்பது வாரங்களில் இருபத்து மூன்று சிறு செயல்களை ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் செய்து பார்த்து, என்ன கற்றோம் என்று தம் வலைப்பூவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி ஒன்று பரிசு. புகைப்படம் ஏற்றுவது, விக்கியில் எழுதுவது, நூல்களைப் பட்டியலிடும் தளத்தில் பதிவது என்று மிக எளிய செயல்கள்தாம். அந்தத் திட்டத்தை யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் திறந்து வைத்ததால், பல நாடுகளின் நூலகங்கள் அதைத் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்டன. அந்தப் பட்டியலில் இருந்த பிளாக்லைன்ஸ், டெலிஷியஸ் போன்ற தளங்கள் இன்று பயன்பாட்டில் இல்லை. கருவி மறைந்த பிறகும், தானே தொட்டுப் பார்த்து, தவறிழைத்து, திருத்திக் கற்ற பழக்கம் அந்த நூலகர்களிடம் தங்கியிருக்கும் அல்லவா? ஒரு நாள் திரையில் பார்த்த கருவி மறைந்தால் நமக்கு மிஞ்சுவது சான்றிதழ் மட்டுமே.

சொந்த அலமாரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம், தமிழ் நூல்களைப் பட்டியலிடும்போது எழும் சிக்கல்கள் எவையும் அந்தத் திரைகளில் வரவே இல்லை என்பது. காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கில நூல்கள். ஆங்கில நூல் ஒன்றின் ஐ.எஸ்.பி.என். எண்ணை, அதாவது நூலுக்குரிய பன்னாட்டு அடையாள எண்ணைத் தட்டினால் தலைப்பும் ஆசிரியரும் பதிப்பகமும் ஆண்டும் தாமே வந்து விழுகின்றன. எங்கள் அலமாரியில் உள்ள தமிழ் நூலின் எண்ணைத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை. பழைய நூல்கள் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்ற பெரிய நூலகங்களின் பட்டியலில் நம் நூல் இருந்தாலும், தலைப்பு பெரும்பாலும் மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்ட ரோமன் எழுத்தில்தான் கைக்கு வருகிறது. அதை எங்கள் ஊர் வாசகர் எவரும் தட்டச்சு செய்து தேடப் போவதில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக ஔவையார் பாடல்களுக்கு உரை கேட்டு வந்தாள். கணினியில் தேடினேன், 'நூல் இல்லை' என்று வந்தது. அவளிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவள் அலமாரிகளிடையே சற்று நேரம் நடந்துவிட்டு, மூன்று உரைநூல்களைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பிறகு ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. நூல்களைப் பதிந்தபோது, விசைப்பலகையில் 'ஔ' எங்கே இருக்கிறது என்று அறியாமல், 'ஒ' என்ற எழுத்தையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். 'கௌ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கெ'யும் 'ள'வும் சேர்த்துத் தட்டுவதும் இதே பிழைதான். பதிந்தவர்களுள் நானும் ஒருத்தி. எந்தப் பயிற்சியிலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரே நிமிடப் பாடம்.

இன்னும் சொல்ல வேண்டியவை உண்டு. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல்கள் எங்கள் பட்டியலில் 'உ.வே.சா.' என்று ஓரிடத்திலும், 'சாமிநாதையர், உ.வே.' என்று ஓரிடத்திலும், 'சுவாமிநாதையர்' என்று வேறோரிடத்திலும் சிதறிக் கிடந்தன. குடும்பப் பெயர் இல்லாத, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடும் தமிழ்ப் பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது, புனைபெயரையும் இயற்பெயரையும் எப்படி இணைப்பது, எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே இடைவெளி விடுவதா என்பதற்கெல்லாம் ஒரு பக்க அளவில் ஒரு விதித்தாள் இருந்தால், ஆயிரக்கணக்கான நூலகங்களின் பட்டியல்கள் ஒன்றோடொன்று பேசும். 'தமிழ்ச் சிறுகதைகள்' என்று ஒற்று இட்டுப் பதிந்ததை 'தமிழ் சிறுகதைகள்' என்று தேடுபவர் எப்படிக் காண்பார் என்பதும், 'சிறு கதை' என்று பிரித்து எழுதியதும் 'சிறுகதை' என்று சேர்த்து எழுதியதும் எப்படி ஒன்றாகும் என்பதும் இலக்கணப் பட்டிமன்றத்துக்குரிய கேள்விகள் மட்டுமல்ல, எங்கள் அன்றாட வேலையும் அவைதாம். அகர வரிசையும் அப்படியே. கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறி (யூனிகோடு) அட்டவணையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்தும் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ அவை இரண்டும் கடைசி எழுத்துகள். மென்பொருளில் தமிழ் வரிசைக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், அச்சிட்டுச் சுவரில் ஒட்டும் பட்டியலில் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். பெரியவர்கள் உடனே கண்டுபிடித்து விடுகிறார்கள்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பட்டியல்கள் தனிக் கதை. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பின்னும், பல சிறு நூலகங்களில் அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளே இருந்தன. எங்களிடமும் அப்படியொரு கோப்பு இருந்தது. கணினி பழுதாகி மாற்றியபோது அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லாததால், நாலாயிரம் நூல்களின் தலைப்புகளும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்றும், கோப்பை அவற்றில் இட்டால் ஒருங்குறியாக மாறிவிடும் என்றும் எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்லித்தான் அறிந்தேன். மாற்றிய பிறகு வரிவரியாக ஒப்புநோக்கிப் பிழை திருத்த மூன்று மாதங்கள் ஆயின. இணையக் கருவிகளைப் பற்றி நான் உருப்படியாகக் கற்ற முதல் பாடம் அதுவே, ஏனென்றால் என் நூல்களுக்காக நான் கற்றேன்.

இங்கே ஒரு வாய்ப்பையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். நூலக ஆணை வழியாகத் தேர்வாகும் ஒரு தமிழ் நூல் நூற்றுக்கணக்கான நூலகங்களுக்குச் செல்கிறது. அதே நூலின் விவரத்தை ஒவ்வொரு நூலகரும் தனித்தனியே, தனித்தனிப் பிழைகளோடு, தட்டச்சு செய்கிறோம். நான் கேட்கும் வாராந்திரப் பயிற்சியில், ஒவ்வொரு நூலகருக்கும் இருபது நூல்களைக் கொடுத்து, மேலே சொன்ன விதித்தாளின்படி முழுமையாகப் பட்டியலிடச் செய்து, இருவர் சரிபார்த்து, அந்தப் பதிவுகளை எல்லா நூலகங்களும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தால், பயிற்சியே பொதுப் பட்டியலாக வளரும். ஒரு மாவட்டத்தில் நூறு நூலகர் என்று கொண்டால் முதற் சுற்றிலேயே இரண்டாயிரம் பதிவுகள். அடுத்த ஆண்டு அதே நூலைப் பெறும் ஊர்ப்புற நூலகர் ஒரு சொடுக்கில் அதை எடுத்துக்கொள்வார். மிச்சமாகும் நேரத்தை வாசகருக்குத் தருவார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது 1931இல் ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது. நூலகத்துக்குள் வரும் எந்தக் கருவியையும் அந்த ஒரு விதியைக் கொண்டே எடை போடலாம் என்பது என் கருத்து.

இப்படிப்பட்ட பணி சிறு நூலகங்களால் இயலுமா என்ற ஐயம் எழலாம். இன்று உலகெங்கும் பெரிய பல்கலைக்கழகங்கள்கூடப் பயன்படுத்தும் கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருள் எங்கே பிறந்தது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். நியூசிலாந்தில் லெவின் என்ற சிறிய ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹொரோஃபெனுவா வட்டார நூலக அமைப்பின் பழைய மென்பொருள், 2000ஆம் ஆண்டு பிறந்தால் தேதிக் குழப்பத்தால் செயலிழக்கும் நிலையில் இருந்தது. விலை கொடுத்துப் புதிய மென்பொருள் வாங்குவதற்குப் பதிலாக, 1999இல் ஒரு சிறு நிறுவனத்தைக் கொண்டு தமக்கென எழுதச் செய்து, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்து, மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்து கொடுத்தார்கள். 'கோஹா' என்பது மாவோரி மொழியில் அன்பளிப்பைக் குறிக்கும் சொல். பெறுபவரும் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற பொருள் அதில் அடங்கியிருக்கிறது. ஒரு சிற்றூர் நூலகத்தின் தேவையிலிருந்து பிறந்த கருவி அது. அதைப் பற்றிய பயிற்சியில் இந்தக் கதையை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்தத் திரைக்கு முன்னால் நாங்கள் அவ்வளவு அஞ்சி அமர்ந்திருக்க மாட்டோம். கூடவே, தேடலுக்கான சொல்லடைவை ஆங்கிலத்துக்குரிய அமைப்பிலேயே விட்டுவிட்டால் தமிழ்ச் சொற்கள் சரிவரத் தேடலில் அகப்படா என்பதையும், நிறுவும்போதே பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐ.சி.யு. என்ற முறைக்கு மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லித் தந்திருந்தால் பல நூலகங்கள் அரைவழியில் கைவிட்டிருக்க மாட்டா.

எங்களைப் போன்ற ஒரு கணினி நூலகத்துக்கு முழு மென்பொருள் உடனடித் தேவை என்றும் நான் சொல்லவில்லை. ஒழுங்காக அமைத்த ஒரு விரிதாள், நாள்தோறும் ஒரு படி எடுத்து வைக்கும் பழக்கம், எந்த மென்பொருளுக்கும் மாற்றத்தக்க சி.எஸ்.வி. வடிவில் சேமிக்கும் முறை ஆகிய மூன்றையும் முதல் மாதத்தில் கற்றால் போதும். எந்தத் தளத்தில் நம் பட்டியலை ஏற்றினாலும், அதை முழுமையாகத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று முதலில் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கைப்பேசியில் தலைப்பைப் பேசியே தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது. விரல் பழகாத மூத்த நூலகர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது லகர, ளகர, ழகரங்களை மாற்றி எழுதிவிடுவதால், படித்துத் திருத்துவதும் பாடத்தின் பகுதியாக வேண்டும்.

வாசகரின் தனியுரிமையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய நூல்கள் வந்த செய்தியைத் தெரிவிக்க வாட்ஸ்ஆப் குழு தொடங்குங்கள் என்று பயிற்சிகளில் ஊக்கப்படுத்துகிறார்கள். நானும் ஆர்வத்தோடு தொடங்கினேன். குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் மற்ற எல்லோருடைய கைப்பேசி எண்ணும் தெரியும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பெண்ணுக்கு, அந்தக் குழுவிலிருந்து எண்ணை எடுத்த யாரோ ஒருவர் இரவில் செய்தி அனுப்பத் தொடங்கினார். அவள் என்னிடம் சொல்லத் தயங்கி, நூலகத்துக்கு வருவதையே இரண்டு வாரம் நிறுத்திவிட்டாள். காரணம் தெரிந்த அன்றே குழுவைக் கலைத்தேன். ஆயினும் அவள் இழந்த இரண்டு வாரத்துக்கு நான் பொறுப்பாளி. இப்போது உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாத ஒலிபரப்புப் பட்டியல் வழியாக, எழுத்தில் ஒப்புதல் தந்தவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்புகிறேன். யார் எந்த நூலை எடுத்தார் என்ற விவரத்தை எந்த இணையத் தாளிலும் ஏற்றுவதில்லை. 2023இல் நம் நாட்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அது ஒரு கிளை நூலகரின் மேசையில் என்ன செய்யச் சொல்கிறது, என்ன செய்யக்கூடாது என்கிறது என்பதை எளிய தமிழில் ஒரு மணி நேரம் விளக்குங்கள். கருவியை எப்படித் தொடங்குவது என்பதற்கு முன்னால் வர வேண்டிய பாடம் அது.

இருக்கும் செல்வங்களைக் காட்டவும் ஒரு பாடம் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்களும் இதழ்களும் படிக்கக் கிடைக்கின்றன; மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களின் உழைப்பால் இலக்கியங்களை மின்னூலாக்கி வருகிறது; ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் இருக்கிறது. எங்கள் ஒன்பதாயிரம் நூல்களுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய அலமாரி இருப்பதை வாசகருக்குக் காட்ட வேண்டியவர் நூலகர்தாம். அதேபோல், காப்புரிமை உள்ள நூல்களின் படிகளைக் கைப்பேசியில் அனுப்புமாறு இளைஞர்கள் கேட்கும்போது, நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல் எது, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கடந்த நூல் எது, தரக்கூடாதது எது என்று பிரித்துச் சொல்லும் தெளிவும் எங்களுக்கு வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வார விடுமுறை நாளைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு நாளில் வைக்கும் பயிற்சி பலருக்கு, குறிப்பாக வீட்டுப் பொறுப்பு உள்ள பெண் நூலகர்களுக்கு, எட்டாமல் போகிறது. பிற்பகலில் வாசகர் குறைவாக வரும் ஒரு மணி நேரம் ஒவ்வொரு நூலகத்திலும் உண்டு. அது எந்த மணி என்று அந்த நூலகருக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு 'நூலகர் பயிற்சி நேரம்' என்று ஒரு பலகை தொங்கவிட அனுமதி தாருங்கள். நூல் வழங்கலைக் கவனித்துக்கொள்ள வாசகர் வட்டத்தார் பலர் மனமுவந்து வருவார்கள். பக்கத்துப் பக்கத்து ஐந்து நூலகங்களை ஒரு குழுவாக்கி, அவர்களுள் சற்று முன்னே பழகியவரை மற்றவர்களுக்குத் துணையாக நியமித்தால், தொலைபேசியில் கேட்டுத் தெளியலாம். அந்தத் துணைவரின் உழைப்பும் பணிப் பதிவேட்டில் ஏற வேண்டும். முடிவில் சான்றிதழ் தருவதாயின், கையெழுத்து இட்டதற்காக அல்லாமல், சரிபார்த்த இருபது பதிவுகளுக்காகத் தாருங்கள்.

எங்கள் ஊர் மக்கள் வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் அப்படி அமைந்ததால்தான் சிற்றூர்களில் இந்த நூலகங்கள் நிற்கின்றன. தலைநகரின் பெரிய நூலகத்தில் ஒருவர் நொடியில் தேடிக் கண்டடையும் நூலை, வரி கட்டும் எங்கள் ஊர்ச் சிறுமியும் தன் ஊர்ப் பட்டியலிலேயே காண வேண்டும். 1931இல் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்களைக் கொண்டு சென்றவர்கள், பாதை சரியாகட்டும் என்று காத்திருக்கவில்லை.

மேலே குறிப்பிட்ட விதித்தாளுக்கு ஒரு முதல் வரைவை நானும் பக்கத்து ஊர் நூலகர்கள் இருவரும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். பெயர்கள், ஒற்று, இடைவெளி, 'ஔ' வரும் சொற்கள் ஆகியவை குறித்து இதுவரை நாற்பது எடுத்துக்காட்டுகள் சேர்ந்துள்ளன. தாங்கள் நாள் குறித்தால், அந்த வரைவையும், எங்கள் அலமாரியிலிருந்து பட்டியலிடக் கடினமான இருபது நூல்களையும் எடுத்துக்கொண்டு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
காவிரிக் கடைமடையிலிருந்து ஒரு கிளை நூலகர்